ஃபீல்ட் ட்ரிப்புக்குப் பிள்ளைகளோடு கூடப் போகிறீர்களா? கலிஃபோர்னியாத் தமிழ்ப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நாம் படித்த காலத்தில் பள்ளிச் சுற்றுலா என்றால் நாலு வாத்தியார், ஒரு பி.டி. சார், ஒரு வாடகை பஸ். விடிவதற்கு முன்பே எழுந்து புளியோதரை கட்டிக்கொடுத்து பஸ் ஏற்றிவிடுவதோடு அப்பா அம்மாவின் பங்கு முடிந்தது. இங்கே அப்படி இல்லை. ட்ரிப்புக்கு இரண்டு மூன்று வாரம் இருக்கும்போதே "ஷாப்பரோன் தேவை, யார் வருகிறீர்கள்?" என்று டீச்சரிடமிருந்து மெயில் வந்துவிடும். ஷாப்பரோன் என்றால் பிள்ளைகளுக்குத் துணையாகக் கூடப் போகிற பெரியவர். ஃப்ரீமான்ட், சான் ஹோசே, கூப்பர்டினோ பக்கம் புதிதாகப் பிள்ளையைச் சேர்த்தவர்கள் அந்த மெயிலைப் பார்த்ததும் கேட்கிற கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். மாநிலச் சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான். மற்றவை பள்ளி மாவட்டத்துக்கு (ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்) மாவட்டம் மாறும். அவற்றில் உங்கள் பள்ளி ஆபீஸ் சொல்வதே முடிவு.

ஷாப்பரோனுக்கு அப்படி என்னதான் வேலை?

நாலைந்து பிள்ளைகளை உங்கள் கையில் கொடுப்பார்கள். காலையில் கொடுத்த அதே பிள்ளைகளை மாலையில் திருப்பிக் கொடுக்க வேண்டும். நடுவில் தலை எண்ணுவது, பாத்ரூம் கூட்டிப்போவது, சொன்ன நேரத்துக்குச் சொன்ன இடத்தில் நிறுத்துவது. விளக்கம் சொல்ல டீச்சரும் அங்கே இருக்கும் வழிகாட்டியும் இருக்கிறார்கள். நம்மில் பலருக்குப் பிள்ளைகளைப் பார்த்தாலே பாடம் நடத்தத் தோன்றும். அதை அன்றைக்கு மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தால் நல்லது.

முன்கூட்டி என்னென்ன பேப்பர் வேலை இருக்கிறது?

முதலில் மாவட்டத்தின் வாலண்டியர் விண்ணப்பம். பாலியல் குற்றவாளிகள் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று எல்லோருக்கும் பார்ப்பார்கள். ஷாப்பரோனாக வருகிறவர்களிடம் பல மாவட்டங்கள் லைவ் ஸ்கேன் எனப்படும் கைரேகைப் பதிவையும் கேட்கின்றன. ரேகை மாநில நீதித்துறைக்கும், மாவட்டம் கேட்டால் எஃப்.பி.ஐ.க்கும் போகும். பதில் நேராக மாவட்டத்துக்கு வரும், உங்களுக்கு வராது.

பலர் ஏமாறுவது ஒரு இடத்தில்: "போன வருஷம் பக்கத்து ஊரில் கொடுத்துவிட்டேனே!" என்பார்கள். அது செல்லாது. ஒரு மாவட்டத்துக்காகக் கொடுத்த ரேகையின் முடிவை இன்னொரு மாவட்டம் பயன்படுத்திக்கொள்ள முடியாது, வீடு மாறினால் மறுபடியும் கொடுத்தாக வேண்டும். முடிவு சில நாளில் வரலாம், சில வாரமும் ஆகலாம். அதனால் ட்ரிப் மெயில் வரும்வரை காத்திருக்காமல் பள்ளி திறந்த கையோடு ஆகஸ்டிலேயே முடித்துவிடுங்கள். வேகமாக வண்டி ஓட்டி டிக்கெட் வாங்கியதற்கெல்லாம் யாரும் உங்களைத் திருப்பி அனுப்ப மாட்டார்கள்.

டி.பி. டெஸ்ட் எதற்கு? எனக்கு இருமல்கூட இல்லையே.

பிள்ளைகளோடு அடிக்கடியோ நீண்ட நேரமோ பழகும் பள்ளித் தன்னார்வலர்களுக்கு டி.பி. பரிசோதனை வேண்டும் என்பது மாநிலச் சட்டம். இப்போது முதல் படி ஊசி அல்ல, ஒரு கேள்வித்தாள். ஒரு நர்ஸோ டாக்டரோ நிரப்பிக் கையெழுத்துப் போடுவார்கள். ஆபத்துக் காரணி ஏதும் இல்லையென்றால் அத்தோடு வேலை முடிந்தது.

நமக்கு அங்கேதான் சிக்கல். டி.பி. அதிகமுள்ள நாட்டில் பிறந்தவரா, அல்லது அங்கே ஒரு மாதமாவது இருந்தவரா என்பது கேள்விகளில் ஒன்று. இந்தியாவில் பிறந்த எல்லோரும் இதில் மாட்டிக்கொள்வோம். இங்கேயே பிறந்தவர்கூடக் கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய் ஒரு மாதம் இருந்தால் "ஆம்" என்றுதான் எழுத வேண்டும். அப்புறம் டெஸ்ட்.

இதில் முக்கியமான ஒன்று: சின்ன வயதில் நமக்கெல்லாம் பி.சி.ஜி. என்கிற டி.பி. தடுப்பூசி போட்டிருக்கிறார்கள், தோளில் தழும்பு இருக்கும். முன்கையில் குத்தி இரண்டு நாள் கழித்துத் தடிப்பை அளக்கும் தோல் டெஸ்டில், அந்தப் பழைய ஊசியால் டி.பி. இருப்பதுபோலத் தவறாகக் காட்ட வாய்ப்பு உண்டு. ரத்த டெஸ்டில் அந்தக் குழப்பம் வராது. எனவே டாக்டரிடம் போனதும் "பி.சி.ஜி. போட்டவர், ரத்த டெஸ்டே எடுங்கள்" என்று கேட்டுவிடுங்கள். அதிலும் பாசிட்டிவ் வந்தால் பதற வேண்டாம். மார்பு எக்ஸ்ரே எடுப்பார்கள். கிருமி உடம்பில் தூங்கிக்கொண்டு மட்டும் இருந்தால் அது யாருக்கும் தொற்றாது; எக்ஸ்ரே சுத்தமாக இருந்து, தொற்றும் டி.பி. இல்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் போதும். ஒருமுறை வாங்கிய சான்றிதழ் 4 வருடத்துக்கு ஓடும்.

நான் ஹெச்-4 விசாவில் இருக்கிறேன். வாலண்டியர் செய்யலாமா?

தாராளமாக. விசா தடுப்பது சம்பள வேலையை. வழக்கமாக யாருக்கும் சம்பளம் தராத ஒரு காரியத்தைப் பிள்ளையின் பள்ளிக்காகச் செய்வது அதில் சேராது. சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாவிட்டாலும் பாஸ்போர்ட்டைக் காட்டி ரேகை கொடுக்கலாம்.

ஆபீஸில் லீவு தர மாட்டேன் என்றால்?

கலிஃபோர்னியாவில் இதற்கென்றே ஒரு சட்டம் இருக்கிறது, தொழிலாளர் சட்டம் 230.8. ஒரே இடத்தில் 25 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனம், கிண்டர்கார்டனிலிருந்து 12ஆம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளையின் பள்ளிக் காரியங்களுக்காக வருடத்துக்கு 40 மணி நேரம் வரை விடுப்புத் தர வேண்டும். ஒரு மாதத்தில் 8 மணி நேரத்துக்கு மேல் எடுக்க முடியாது. ஒரு ட்ரிப்புக்கு அது சரியாக இருக்கும். முன்கூட்டியே சொல்ல வேண்டும், கேட்டால் பள்ளியிலிருந்து ஒரு கடிதம் காட்ட வேண்டும். தனியாகச் சம்பளத்தோடு கூடிய நாள் என்று நினைத்துவிடாதீர்கள்: உங்களுக்கு இருக்கிற விடுமுறை நாளிலிருந்துதான் பெரும்பாலும் கழிப்பார்கள். பெற்றோர் மட்டுமல்ல, தாத்தா பாட்டிக்கும் இந்த உரிமை உண்டு.

அப்பாக்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஷாப்பரோன் பட்டியலைப் பார்த்தால் முக்கால்வாசி அம்மாக்கள் பெயராகவே இருக்கும். மீட்டிங் இருக்கிறது என்று சொல்கிற அதே அப்பாக்கள் கிரிக்கெட் மேட்சுக்கு மட்டும் எப்படியோ நேரம் கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

என் பிள்ளை என் குழுவில் இருப்பானா?

சின்ன வகுப்புகளில் பெரும்பாலும் இருப்பான். சில டீச்சர்கள் வேண்டுமென்றே பிரித்துப் போடுவார்கள், அதற்குக் காரணமும் இருக்கும். அம்மா பக்கத்தில் இருந்தால் சில பிள்ளைகள் அன்று முழுக்க மடியை விட்டு இறங்காது. சில பிள்ளைகள் "எங்க அம்மாதானே" என்று வாலை அவிழ்த்துவிடும்.

உங்கள் குழுவிலேயே இருந்தாலும், அன்றைக்கு அவன் ஐந்தில் ஒருவன். பையைத் தூக்கிக்கொள்வது, அவனை மட்டும் முன்னால் நிறுத்தி மீனைக் காட்டுவது, பசிக்கிறதா என்று அவனை மட்டும் கேட்பது, இதெல்லாம் மற்ற நாலு பேர் கண்ணில் படாமல் போகாது. ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு நியாயம் அநியாயம் பார்க்கும் கண் நம்மைவிடக் கூர்மை. முதல் நாள் இரவே "நாளைக்கு நான் உன் குரூப்புக்கு அம்மா இல்லை, ஷாப்பரோன். எதுவானாலும் எல்லாருக்கும் ஒரே மாதிரிதான்" என்று சொல்லி வைத்துவிடுங்கள். பிள்ளைகள் புரிந்துகொள்வார்கள். பெரியவர்களுக்குத்தான் கொஞ்சம் கஷ்டம்.

ஐந்து பிள்ளைகளை எப்படித் தொலைக்காமல் கூட்டிப்போவது?

எண்ணிக்கொண்டே இருப்பதுதான் வழி. பஸ்ஸில் ஏறும்போது, இறங்கும்போது, ஒவ்வொரு வாசலிலும், பாத்ரூமை விட்டுக் கிளம்பும்போது, கிஃப்ட் ஷாப்பை விட்டு வெளியே வரும்போது. "எல்லாரும் இருக்கீங்களா?" என்று கேட்பது எண்ணுவதாகாது, இல்லாத பிள்ளை "இல்லை" என்று சொல்லப்போவதில்லை. ஆளுக்கு ஒரு எண் கொடுத்துவிடுங்கள். நீங்கள் "நம்பர்!" என்றதும் அவரவர் எண்ணைக் கத்த வேண்டும். மூன்றுக்கு அப்புறம் ஐந்து வந்தால் நாலு யார் என்று உடனே தெரிந்துவிடும். பிள்ளைகளுக்கு இது விளையாட்டு, சலிக்கவே சலிக்காது.

தொலைவதற்கென்றே சில இடங்கள் இருக்கின்றன. சான் ஃபிரான்சிஸ்கோ கோல்டன் கேட் பார்க்கிலுள்ள கலிஃபோர்னியா அகாடமி ஆஃப் சயின்சஸை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே நாலு மாடி உயரக் கண்ணாடிக் கோளத்துக்குள் ஒரு மழைக்காடு. சுற்றிச் சுற்றி மேலே போகிற பாதை, தலைக்கு மேல் பட்டாம்பூச்சி. உச்சிக்குப் போனதும் இறங்க லிஃப்ட். அது நேராகக் கீழ்த்தளத்து மீன்காட்சிக்குக் கொண்டுபோய் விடும். சிக்கல் அந்த லிஃப்ட் வாசலில். கூட்டமாக இருக்கும், முன்னால் நிற்கிற இரண்டு பேர் சட்டென்று உள்ளே நுழைவார்கள், கதவு மூடிவிடும். நீங்கள் மேலே மூன்று பேரோடு, அவர்கள் கீழே இருட்டான மீன்தொட்டிகளுக்கு நடுவில். எனவே லிஃப்டுக்கு முன்னால் எல்லோரையும் நிறுத்துங்கள். ஐந்து பேரும் நீங்களும் ஒன்றாக ஏற இடமில்லை என்றால் அடுத்ததில் போகலாம். மான்டரே மீன்காட்சியகத்தில் ஜெல்லிமீன் பகுதியும் இதே கதைதான்: அறை இருட்டு, தொட்டி மட்டும் நீலமாக ஒளிரும், பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நகரவே மாட்டார்கள்.

அப்படியும் ஒருவர் காணோம் என்றால், நீங்களே தேடிக்கொண்டு ஓடாதீர்கள். மீதி நாலு பேரைச் சுவரோரம் நிறுத்தி, டீச்சருக்குப் போன் செய்து, பக்கத்திலிருக்கும் பணியாளரிடம் சட்டை நிறத்தைச் சொல்லுங்கள். காலையிலேயே குழுவை ஒரு போட்டோ எடுத்து வைத்திருந்தால் யார் என்ன சட்டை என்பது கையில் இருக்கும். மாலையில் அதை அழித்துவிடலாம். "ரெண்டு நிமிஷம் பார்த்துட்டு அப்புறம் டீச்சரிடம் சொல்லலாம்" என்ற எண்ணம்தான் ஆபத்து. வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை, டீச்சர்களுக்கு இது பழகின விஷயம்.

பாத்ரூம்?

முழுக் குழுவையும் ஒன்றாகக் கூட்டிப்போங்கள். நீங்கள் வெளிவாசலில் நில்லுங்கள். மற்றவர் பிள்ளை ஒருவரோடு தனியாக மூடிய இடத்தில் இருக்கக்கூடாது; இது அந்தப் பிள்ளைக்கும் பாதுகாப்பு, உங்களுக்கும் பாதுகாப்பு. குழுவில் பெண் பிள்ளைகள் இருக்கிற அப்பாக்கள், இன்னொரு குழுவின் அம்மாவோடு முன்பே பேசி வைத்துக்கொண்டால் அங்கே போய் விழிக்க வேண்டாம்.

எல்லோருக்கும் சேர்த்து முறுக்கு, தட்டை எடுத்துப் போகலாமா?

நம் கை சும்மா இருக்காது, தெரியும். ஆனாலும் வேண்டாம். உங்கள் பிள்ளைக்கு மட்டும் கட்டுங்கள், பங்கு போட விடாதீர்கள்.

ஒவ்வாமைதான் காரணம். வேர்க்கடலை, முந்திரி என்றால் நமக்கே உஷார் வந்துவிடும். எள்ளை யாரும் நினைப்பதில்லை. 2021இல் வந்த சட்டப்படி, 2023 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் உணவு லேபிளில் கட்டாயம் குறிப்பிட வேண்டிய ஒன்பதாவது ஒவ்வாமைப் பொருள் எள். நம் சமையலில் அது எங்கெல்லாம் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்: முறுக்கு, தட்டை, எள்ளுருண்டை, நல்லெண்ணெய், பல வீட்டு இட்லிப் பொடி. பொடி தடவிய இட்லியைச் சாப்பிட்டுவிட்டு அதே கையோடு பக்கத்துப் பிள்ளையின் கையைப் பிடித்தால் போதும், சில பிள்ளைகளுக்குத் தடித்துவிடும். சானிடைசர் கிருமியைக் கொல்லும், எள்ளையோ கடலையையோ கையிலிருந்து எடுக்காது. சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் ஈரத் துடைப்பானால் துடைக்க வேண்டும்.

யாருக்கு என்ன ஒவ்வாமை என்று டீச்சர் காலையில் சொல்வார். சொல்லாவிட்டால் கேளுங்கள். எபிபென் (கடும் ஒவ்வாமை வந்தால் உடனே போடும் ஊசி) யாரிடம் இருக்கிறது என்பதையும் கேட்டு வையுங்கள். அது உங்களிடம் இருக்காது, டீச்சரிடமோ பயிற்சி பெற்ற பணியாளரிடமோ இருக்கும். உதடு வீங்குவது, மூச்சுத் திணறுவது, திரும்பத் திரும்ப வாந்தி என்று ஏதாவது தெரிந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் டீச்சரைக் கூப்பிட்டு 911 அழையுங்கள். மற்ற நேரத்தில், தலைவலி என்று எந்தப் பிள்ளை சொன்னாலும் உங்கள் பையிலிருந்து மாத்திரை, தைலம், இருமல் மிட்டாய் எதுவும் கொடுக்காதீர்கள்.

தயிர்சாதம் பற்றியும் கேட்கிறார்கள். மதியம்வரை வெயிலில் பஸ்ஸுக்குள் இருக்கிற பையில் அது புளித்துவிடும், அதோடு பல ட்ரிப்புகளில் டப்பாவைக்கூடத் தூக்கிப்போடுகிற மாதிரிக் கொண்டுவரச் சொல்வார்கள். சப்பாத்தி ரோல் கட்டுங்கள், ஸ்பூன் தேவையில்லை.

மற்றவர் பிள்ளை சொன்ன பேச்சைக் கேட்காவிட்டால்?

பெயர் சொல்லிக் கூப்பிட்டு, என்ன செய்ய வேண்டும் என்பதைச் சின்னதாகச் சொல்லுங்கள்: "லியாம், நடந்து வா." ஓடாதே, கத்தாதே என்று அடுக்குவதைவிட இது வேலை செய்யும். காதைத் திருகுவது, கையைப் பிடித்து இழுப்பது, "உங்கம்மாகிட்ட சொல்லிடுவேன்" என்று மிரட்டுவது எதுவும் இங்கே எடுபடாது, முதல் இரண்டும் பெரிய வம்பில் கொண்டுபோய் விடும். ரோட்டில் இறங்கப் போகிற பிள்ளையைப் பிடித்து நிறுத்துவது வேறு. இரண்டு முறை சொல்லியும் கேட்காவிட்டால் டீச்சரிடம் விட்டுவிடுங்கள்.

நீங்கள் பார்த்ததை, கேட்டதை மாலை வாட்ஸ்ஆப் குரூப்பில் போடாதீர்கள். யார் அழுதான், யாருக்கு உடுப்பு நனைந்தது, யார் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டான் என்பதெல்லாம் அந்தப் பிள்ளையின் விஷயம்.

அப்புறம் தமிழில் பேசுவது. குழுவில் இரண்டு தமிழ்ப் பிள்ளைகள் இருந்தால் வாய் தானாகத் தமிழுக்குப் போகும். போகட்டும், அதில் ஒன்றும் தப்பில்லை. ஆனால் எல்லோரும் செய்ய வேண்டிய காரியத்தை எல்லோருக்கும் புரிகிற மொழியில் சொல்லுங்கள்.

போட்டோ எடுக்கலாமா?

உங்கள் பிள்ளையை எடுங்கள். மற்ற பிள்ளைகள் விழுந்த படத்தை இணையத்தில் போடக்கூடாது. சில வீடுகளில் படமே எடுக்கக்கூடாது என்று பள்ளியில் எழுதிக் கொடுத்திருப்பார்கள், அதற்குப் பின்னால் என்ன காரணம் இருக்கும் என்று நமக்குத் தெரியாது.

பஸ் இல்லை, பெற்றோர் காரில் என்றால்?

தனிப் படிவம் இருக்கும்: லைசென்ஸ், வண்டிப் பதிவு, இன்ஷூரன்ஸ் நகல். கலிஃபோர்னியாவில் சட்டம் கேட்கும் குறைந்தபட்ச இன்ஷூரன்ஸ் 2025 ஜனவரி முதல், காயத்துக்கு ஆளுக்கு 30,000 டாலர், ஒரு விபத்துக்கு 60,000 டாலர் என்று உயர்ந்திருக்கிறது. மாவட்டங்கள் பெரும்பாலும் அதைவிட அதிகம் கேட்கும், உங்கள் பாலிசியைப் பார்த்துக்கொள்ளுங்கள். விபத்து நடந்தால் முதலில் தொடுவது உங்கள் இன்ஷூரன்ஸைத்தான்.

8 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை பின் சீட்டில், கார் சீட் அல்லது பூஸ்டரில் (பிள்ளையை உயர்த்தி உட்காரவைக்கும் சீட்) உட்கார வேண்டும். 4 அடி 9 அங்குலம் உயரம் இருந்தால் பெல்ட் போதும். அதனால் இரண்டாம் வகுப்பு ட்ரிப் என்றால் காலை எட்டு மணிக்குப் பார்க்கிங்கில் பூஸ்டர்களைக் கைமாற்றிக்கொண்டிருக்கும் காட்சியைப் பார்க்கலாம். வழியில் காபிக்கு நிறுத்துவது, பிள்ளைகளுக்கு டோனட் வாங்கித் தருவது எல்லாம் வேண்டாம். மஞ்சள் பஸ் என்றால் இந்தக் கவலை இல்லை. 2005 ஜூலைக்குப் பிறகு தயாரான பெரிய பள்ளி பஸ்களில் இந்த மாநிலத்தில் மூன்று முனை பெல்ட் இருக்கும். பிள்ளைகள் போட்டிருக்கிறார்களா என்று பார்ப்பது உங்கள் வேலை.

சின்னவளையும் கூடக் கூட்டிப்போகலாமா?

கூடாது. ஸ்ட்ரோலரைத் தள்ளிக்கொண்டு ஐந்து பேரை எண்ண முடியாது.

ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தா போகலாமா?

வாலண்டியராகப் பதிந்து, ரேகை, டி.பி. எல்லாம் முடித்தால் பல இடங்களில் போகலாம். ஆறு மாதம் தங்க வந்தவருக்கு இதெல்லாம் முடிவதற்குள் திரும்பும் டிக்கெட் தேதி வந்துவிடும் என்பதுதான் நடைமுறைச் சிக்கல். அதற்குப் பதில் பள்ளியிலேயே நடக்கும் புத்தகக் கண்காட்சி, பொங்கல், தீபாவளி நிகழ்ச்சி மாதிரியானவற்றுக்கு அழைத்துப் போங்கள்.

பணம் எவ்வளவு ஆகும்? கட்ட முடியாவிட்டால்?

பிள்ளைக்குப் பணம் கட்ட முடியவில்லை என்பதற்காக ட்ரிப்பிலிருந்து விலக்கக்கூடாது என்று மாநிலக் கல்விச் சட்டம் (பிரிவு 35330) சொல்கிறது. பள்ளியிலிருந்து வரும் தாளில் "டொனேஷன்" என்று எழுதியிருப்பது அதனால்தான். ஷாப்பரோனின் நுழைவுக் கட்டணம் வேறு. சில இடங்களில் இலவசம், சில இடங்களில் உங்கள் பாடு.

வருடத்தில் ஒன்றுக்குத்தான் போக முடியும். எதற்குப் போகலாம்?

என்னைக் கேட்டால், மியூசியத்தை விட்டுவிட்டு வெளியிடத்துக்குப் போங்கள். மியூசியத்துக்கு ஒரு சனிக்கிழமை நீங்களே கூட்டிப்போய்விடலாம்.

மாஸ் பீச்சில் ஃபிட்ஸ்ஜெரால்ட் கடல் சரணாலயம் இருக்கிறது. கடல் உள்வாங்கும் நேரத்தில் பாறைக் குழிகளில் கடல் சாமந்தி, நண்டு, நட்சத்திரமீன் எல்லாம் தெரியும். பாறை வழுக்கும், கடலுக்கு முதுகு காட்டக்கூடாது, ஒரு கிளிஞ்சல்கூட எடுத்து வரக்கூடாது. மாலையில் பிள்ளைகளின் பாக்கெட்டைச் சோதிக்கும் வேலையும் உங்களுக்கு உண்டு.

ஆன்யோ நுவேவோ கடற்கரைப் பூங்காவில் டிசம்பர் நடுவிலிருந்து மார்ச் கடைசிவரை யானைக் கடல்நாய்களைப் பார்க்க வழிகாட்டியோடு போகலாம். ஆண் விலங்கு இரண்டு டன்னுக்கு மேல் இருக்கும். 25 அடிக்குள் போகக்கூடாது. மணலில் நீண்ட நடை, நினைத்த நேரத்தில் பாத்ரூம் போக முடியாது. பஸ்ஸை விட்டு இறங்கியதும் எல்லோரையும், "எனக்கு வரல" என்கிறவனையும் சேர்த்து, பாத்ரூமுக்கு அனுப்பிவிடுங்கள்.

நாலாம் வகுப்பில் கலிஃபோர்னியா வரலாறு. சில பள்ளிகள் ஃப்ரீமான்டிலேயே இருக்கும் 1797இல் ஸ்பானியப் பாதிரியார்கள் தொடங்கிய மிஷன் சான் ஹோசே தேவாலயத்துக்குக் கூட்டிப்போகும். சில பள்ளிகள் கொலோமா வரை போகும், 1848 ஜனவரி 24 அன்று ஜேம்ஸ் மார்ஷல் மரமறுக்கும் ஆலையின் வாய்க்காலில் தங்கத்தைப் பார்த்த இடம். அங்கே பிள்ளைகள் தட்டில் மணலை அள்ளி அலசித் தங்கம் தேடுவார்கள். கிடைக்கிற துகள் கடுகில் பாதிகூட இருக்காது, ஆனால் அதைப் பார்த்ததும் போடுகிற கூச்சலை நேரில் கேட்க வேண்டும். நாள் நீளம், பஸ் பயணம் நீளம். வாந்தி எடுக்கிற பிள்ளைகளுக்குப் பை கொண்டுபோங்கள்.

பாம்பு இருக்கிற இடத்துக்குப் போவதாக இருந்தால் முதலுதவிப் பெட்டியில் பாம்புக்கடிக்கானதும் இருக்க வேண்டும் என்றுகூட இந்த மாநிலச் சட்டத்தில் எழுதியிருக்கிறது. அந்தப் பெட்டியைக் கொண்டுவருவது பள்ளியின் பொறுப்பு.

பெயர் கொடுத்தேன், என்னைத் தேர்ந்தெடுக்கவில்லை.

இடம் கொஞ்சம், ஆட்கள் அதிகம் என்றால் குலுக்கல்தான். போன முறை போனவருக்கு இந்த முறை இல்லை என்று சில டீச்சர்கள் வரிசை வைத்திருப்பார்கள். கோபித்துக்கொண்டு தனிக் காரில் பின்னாலேயே போகிறவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், டீச்சருக்கு அதைவிடத் தலைவலி வேறில்லை.

நடுநிலைப் பள்ளி வந்துவிட்டது. "நீ வராதே" என்கிறாள். போகட்டுமா?

பன்னிரண்டு வயதில் அப்படித்தான் சொல்வாள். டீச்சருக்கு ஆள் குறைகிறது என்றால் போங்கள், ஆனால் வேறு குழுவைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பஸ்ஸில் முன் சீட்டில் உட்காருங்கள். ஆள் போதுமான அளவு இருந்தால் பெயர் கொடுக்காமல் விட்டுவிடலாம்.